மாஸ்டரை வரச் சொல்லிக் கேட்ட நாள்

பிள்ளைகளே, நெஞ்சு இழுக்கிற சத்தத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நம் தோட்டத்து லயங்களில் அது கேட்காத வீட்டு வரிசை கிடையாது. ஈரப் பலகையை மொட்டை வாளால் அறுப்பது போல இருக்கும். அந்தச் சத்தம் வருகிற ஒற்றை அறைக் காம்பராவில் யாரும் கண் மூட மாட்டார்கள். சத்தம் நின்றுவிட்டால் அதைவிடப் பயம்.

எங்கள் காம்பராவில் அந்தச் சத்தம் முதலில் என் மூத்த மகன் குமரனிடம் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். அவனுக்குப் பால்பல் ஆடத் தொடங்கியிருந்த வயது. மழைக்காலத்தில் ஒரு காலை, அடுப்புக்குப் பக்கத்தில் அவன் அம்மாவின் மடியில் இருந்தபோதே அந்தச் சத்தம் நின்றது. அவ்வளவுதான். அதற்கு மேல் எழுத எனக்கு இன்றும் கை வரவில்லை.

நான் மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிற வேலை. வெட்டிய மலை செத்தது போல மொட்டையாகக் கிடக்கும். பிறகு துளிர்க்கும். குமரன் போன பிறகு அந்தத் துளிரைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். செடிக்கு உண்டு, என் பிள்ளைக்கு இல்லையா? கோயிலுக்குப் போவதை விட்டேன். விபூதி பூசுவதை விட்டேன். என் மனைவி செல்வி பேசுவதையே விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்பில் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். நாம் தியானம் இருக்கிற அறையில் ஏன் குருவின் படம் இல்லை? பனி அடித்தாலும் ஏன் கதவைத் திறந்தே வைக்கிறோம்? வாயால் சொல்லத் தொடங்கினேன், முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்குப் படிப்புக் குறைவு. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடியேதான் சொல்கிறேன்.

குமரன் போன அடுத்த வருடம், தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஆசிரியர் வந்தார். என்னைவிட இளையவர். ஒல்லியான உடம்பு. கழுத்தில் எப்போதும் ஒரு மப்ளர். மாஸ்டர் என்று கூப்பிட்டோம். பள்ளிக்கூடத்தை ஒட்டிய அறையில் தங்கியிருந்தார். பாடம் முடிந்ததும் கதவை அகலத் திறந்து வைத்து, சுவரில் சாயாமல், கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். வேலை விட்டுப் போகிற நாங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்போம்.

எங்கள் பக்கத்துக் காம்பரா பெருமாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். ஒரு நாள் வாசலில் நின்றே கேட்டான்.

"மாஸ்டர், கண்ண மூடிக்கிட்டு என்னத்தங்க பாக்குறீங்க?"

"மூச்சைப் பாக்கிறன்," என்றார் அவர்.

"மூச்சப் பாக்குறவரு சாமியாருன்னா, எங்கள வேல வாங்குற கண்டாக்கையா நாள் பூரா மலையில நின்னு எங்களயே பாத்துக்கிட்டு இருக்காரே, அவரு எம்புட்டுப் பெரிய சாமியாரு!"

எல்லோரும் சிரித்தோம். மாஸ்டரும் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் இழுப்பானது. அதே சத்தம். அதே ஈரப் பலகை. எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

அவர் ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஏன் என்னை மட்டும் பார்த்தார் என்று தெரியாது.

"பயப்பிடாதேங்கோ. இது என்ர பழைய தொய்வு," என்றார். நாம் இழுப்பு என்பதை அவர்கள் ஊரில் தொய்வு என்பார்கள். "இஞ்ச வாங்கோ. எனக்குப் பின்னால இருங்கோ. முதுகோட முதுகை வையுங்கோ. நீங்கள் ஆறுதலா மூச்சு விடுங்கோ. நான் அதைப் பிடிச்சுக்கொண்டு வாறன்."

போய் உட்கார்ந்தேன். அவர் முதுகு என் முதுகில் பட்டது. கோழிக்குஞ்சைப் பிடித்தது போலத் துடித்தது. நான் மெதுவாக மூச்சு விட்டேன். முதலில் என்னால் முடியவில்லை, எனக்கே முட்டியது. பிறகு விட்டேன். விட விட அந்தத் துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக என்னுடைய ஏற்ற இறக்கத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு கட்டத்தில் எது என் மூச்சு, எது அவர் மூச்சு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. குமரன் போன பிறகு அன்றுதான் நான் ஒரு முழு மூச்சு விட்டேன் என்று நினைக்கிறேன்.

இழுப்பு தணிந்ததும் அவர் திரும்பி உட்கார்ந்து, "பாத்தியளே, இண்டைக்கு நீங்கள்தான் எனக்குக் குரு," என்றார்.

நான் பதறி எழுந்தேன். "ஐயோ, அப்புடியெல்லாம் சொல்லாதீங்க மாஸ்டர். நான் கவ்வாத்துக் கத்தி புடிக்கிறவன்."

"நான் கரும்பலகையில எழுதச் சோக்குப் பிடிக்கிறவன். கண்ணை மூடி இருக்கேக்க கத்தியும் இல்லை, சோக்கும் இல்லை."

அடுத்த நாளிலிருந்து நானும் செல்வியும் அவரிடம் போனோம். கிண்டல் பண்ணின பெருமாளும் வந்தான். உள்ளே போகிற மூச்சுக்கு ஒரு 'சிவ', வெளியே வருகிற மூச்சுக்கு ஒரு 'சிவ'. அவ்வளவுதான் அவர் சொல்லித் தந்தது. விளக்கு வேண்டாம் என்றார். சாம்பிராணி வேண்டவே வேண்டாம் என்றார். அவர் காலைத் தொட்டுக் கும்பிடப் போனால் காலை மடக்கிக்கொள்வார்.

"குரு எண்டு ஒராள், சீடன் எண்டு ஒராள், இப்பிடி ரெண்டு பேரை வைச்சால் நடுவில ஒரு தூரம் வந்திடும். பயம் வந்து இருக்கிறதே அந்தத் தூரத்திலதான்," என்பார்.

தலையாட்டுவேன். விளங்கியது என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அவர் இருந்தார், அது போதுமாக இருந்தது. செல்வி மறுபடி பேசத் தொடங்கினாள். எங்களுக்கு மகள் கௌரி பிறந்தாள்.

கௌரி தவழுகிற காலத்தில் மாஸ்டரின் தாய்க்குச் சுகமில்லை என்று செய்தி வந்தது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மப்ளரைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். பிறகு வடக்கே சண்டை பெருத்தது. பாதை அடைபட்டது. அவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. நெடுநாள் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாள் வந்துபோன இன்னொரு ஆசிரியர் எங்கள் பள்ளிக்கூடத்தில் சொன்னார். ஊர் முழுவதும் மழையில் இடம்பெயர்ந்து நடந்தபோது வழியில் மாஸ்டருக்குத் தொய்வு வந்ததாம். மருந்து இல்லை. வாகனம் இல்லை. ரோட்டோரத்திலேயே போய்விட்டாராம். தகனம் செய்தார்களா என்றுகூடச் சொன்னவருக்குத் தெரியவில்லை.

அவருக்கு முதுகு கொடுக்க அந்த ரோட்டில் யாருமே இல்லையா?

அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. கண்ணை மூடினால் மழையும் ரோடும்தான். பள்ளிக்கூடத்தில் எடுத்த ஒரு படத்தில் ஓரமாக நின்ற அவர் முகத்தை டவுனில் கொடுத்துப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு எங்கள் காம்பராச் சுவரில் மாட்டினேன். மாலை போட்டேன். கர்ப்பூரம் கொளுத்தினேன். சாம்பிராணிப் புகை போட்டேன். காலையும் மாலையும் அதற்கு முன்னால் நின்று, மாஸ்டர், மாஸ்டர் என்று கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. கூடி இருந்தவர்களும் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். பள்ளிக்கூடத்து அறையில் விறகு அடுக்கிவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஆடி மாதம். மேலே மலை தெரியவில்லை, கீழே அணைத்தண்ணீர் தெரியவில்லை, எங்கும் மழை. கௌரி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். குமரன் போன வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். செல்வி அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு காலை கௌரிக்கு இழுப்பு வந்தது. அதே மூலை. அதே சத்தம்.

இழுப்பு வந்தால் லயத்தில் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். கதவைச் சாத்துவோம். பனிக்காற்று வராமல் ஜன்னலில் சாக்கை அடைப்போம். பிள்ளைக்குச் சூடு வேண்டும் என்று அடுப்பை எரிப்போம். கண்ணேறு கழிய நெருப்புத்துண்டில் சாம்பிராணி போட்டுப் பிள்ளையைச் சுற்றிக் காட்டுவோம். பாசத்தில் செய்கிற காரியம். குமரனுக்கும் அப்படித்தான் செய்தோம். அன்றும் பக்கத்துக் காம்பராப் பெண்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பெருமாளின் அக்கா ராமாயி சாம்பிராணி கொண்டுவந்தாள். நான் மாஸ்டர் படத்துக்கு முன்னால் இன்னும் அதிகமாகப் போட்டேன்.

வாகனம் கேட்கப் போன பெருமாள் முழுக்க நனைந்து வந்தான்.

"மண்ணு சரிஞ்சிருச்சுண்ணே. கீழ் வளைவுல ரோட்டையே காணல. லொறி அந்தப் பக்கம் நிக்குது. மருந்துக்கார ஐயாவும் டவுன்ல மாட்டிக்கிட்டாரு."

செல்வி என்னைப் பார்த்தாள். "என்னங்க, மொதப் புள்ளயும் இப்புடித்தான போச்சு," என்றாள். அழவில்லை.

நான் படத்துக்கு முன்னால் விழுந்தேன். வாங்க மாஸ்டர், வாங்க, இந்த ஒரு தடவை வாங்க என்று கெஞ்சினேன். கண்ணாடியில் நெற்றியை முட்டினேன். படத்திலிருந்தவர் என்னைப் பார்க்கவில்லை. என்றைக்கோ படம் பிடித்த ஆளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது எனக்குத் தோன்றியது: தன் மூச்சையே காப்பாற்ற முடியாமல் ரோட்டோரத்தில் போனவர், என் பிள்ளைக்கு எங்கிருந்து வரப்போகிறார்? அதுதான் என் வாழ்க்கையிலேயே அடிமட்டம். அதற்குக் கீழே போக இடமில்லை.

கௌரி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளால் பேச முடியவில்லை. ஒரு சொல்தான் சொன்னாள்.

"அப்பா... பொக..."

திரும்பிப் பார்த்தேன். காம்பரா முழுக்கப் புகை. கை எட்டுகிற தூரத்தில் இருக்கிற என் பிள்ளையின் முகம் மங்கலாகத் தெரிந்தது. மாஸ்டரின் அறை நினைவுக்கு வந்தது. எந்தப் பனியிலும் திறந்தே கிடந்த கதவு. சாம்பிராணி வேண்டவே வேண்டாம் என்ற குரல். அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். அது இழுப்புக்காரனின் தேவை.

தண்ணீரை எடுத்துச் சாம்பிராணியிலும் அடுப்பிலும் ஊற்றினேன். கதவைத் திறந்தேன்.

ராமாயி கத்தினாள். "பனி அடிக்குதுடா பாவி! புள்ளயக் கொல்லப் போறியா?"

செல்விதான் கொழுந்து பறிக்கும்போது போர்த்துகிற தன் கம்பளியை எடுத்துத் தந்தாள். கௌரியை என் முதுகில் வைத்து அதனால் இறுக்காமல் கட்டினாள். மேலே ரப்பர் சீட்டைப் போட்டாள். பெருமாள் குடையைத் தூக்கிக்கொண்டான். தேயிலைக்கு நடுவில் இறங்குகிற குறுக்குப் பாதையில் மண்சரிவுப் பக்கமாகப் போனோம்.

பாதை முழுக்கத் தண்ணீர். நான் ஓடினேன், வழுக்கினேன், எழுந்து மறுபடி ஓடினேன். ஒவ்வொரு அடிக்கும் வாங்க மாஸ்டர், வாங்க மாஸ்டர் என்று உள்ளே கூப்பிட்டேன். நான் மூச்சு வாங்க வாங்க, முதுகில் இருந்தவளும் படபடவென்று இழுத்தாள். பாதி வழியில் ஒரு கல்கட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சத்தம் குறையத் தொடங்கியது. பெருமாள் முகம் மலர்ந்து, "கொறயுதுண்ணே," என்றான். எனக்கும் செல்விக்கும் தெரியும், அப்படிக் குறைவது எதற்கு என்று. செல்வி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சுங்க," என்றாள்.

நானும் கல்கட்டில் உட்கார்ந்தேன். கூப்பிடுவதை விட்டேன். நம்பிக்கையோடு விட்டேன் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். இனி யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்து விட்டேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. என் உடம்பு தானாக நிமிர்ந்தது. அந்த அறையில் பழகின பழக்கம், சாயாமல் உட்காருகிற பழக்கம். ஒரு மூச்சு மெதுவாக வெளியே போனது. என் வாய் பேசியது.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை. ஆறுதலா வெளிய விடுங்கோ. உள்ளுக்கு அது தானா வரும்."

பெருமாள் குடையைக் கீழே போட்டுவிட்டான். நான் பிறந்தது லயத்தில். என் வாயில் அந்தப் பேச்சு ஒரு நாளும் வந்ததில்லை. நான் அப்படிப் பேச வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. நினைக்க அங்கே யாரும் இல்லை. மூச்சு போனது, மூச்சு வந்தது. என் முதுகில் ஒட்டியிருந்த சின்ன நெஞ்சு முதலில் துடித்தது, பிறகு தடுமாறியது, பிறகு அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

மாஸ்டர் வந்தார் என்று நான் சொல்ல மாட்டேன் பிள்ளைகளே. வருவதென்றால் வேறு ஒரு இடத்திலிருந்து புறப்பட வேண்டும். அவர் எங்கிருந்தும் புறப்பட்டது போல இல்லை. நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்த வரைக்கும்தான் அவர் தூரத்தில் இருந்தார்.

ஈரப் பலகைச் சத்தம் திரும்பி வந்தது. வாழ்நாள் முழுக்கப் பயந்த அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன். அது இருந்தால் பிள்ளை இருக்கிறாள்.

அதற்கு மேல் நான் ஓடவில்லை. ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டு நடந்தேன். மண்சரிவைத் தாண்ட அந்தப் பக்கத்து ஆட்கள் கை கொடுத்தார்கள். லொறிக்காரர் ஒரு சிங்களத்தவர். கம்பளிக்குள் கௌரியின் உதட்டு நிறத்தைப் பார்த்தார். "நகின்ன, நகின்ன!" என்று ஏறச் சொல்லி, மழையில் அவர் ஓட்டிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்து கொடுத்தார்கள். அந்தி சாய்கிற நேரத்தில் கௌரியின் உதடு சிவந்தது. பெண் டொக்டர் ஒருவர் அரைகுறைத் தமிழில் சொன்னார். "வெளிய கொண்டு வந்தது நல்லது. பொகை உள்ள வச்சிருந்தா பிள்ள இங்க வந்து சேராது."

செல்வி என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். குமரனைப் பற்றி நாங்கள் ஒன்றும் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

மறுநாள் கௌரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். "அப்பா, வழியில பேசுன மாமா எங்க?"

முதுகில் இருந்தவளுக்கு என் முகம் தெரிந்திருக்காது. அந்தப் பேச்சை அவள் யாரிடமும் கேட்டதும் இல்லை. மாஸ்டர் போனபோது அவள் தவழுகிற பிள்ளை.

"ஒங்கப்பனுக்கு யாழ்ப்பாணத்துக் காத்து அடிச்சிருச்சு ஆயி," என்று பெருமாள் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் படத்தைக் கழற்றினேன். மாலையை எடுத்துவிட்டு, வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். விறகை அகற்றிப் பள்ளிக்கூடத்து அறையைத் தரச் சொல்லிக் கேட்டேன், தரவில்லை. அதனால் கோயிலுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்தோம். நீங்கள் இப்போது வருகிற அறை அதுதான்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாஸ்டர் திரும்பவில்லை. அவர் எந்த ரோட்டோரத்தில் கிடந்தார் என்று எனக்குத் தெரியாது. லயத்துச் சுவர் இன்றும் ஈரம்தான், கௌரிக்கு மழைக்காலத்தில் இன்றும் இழுக்கிறது. ஆனால் நான் மாஸ்டரைத் தேடுவது நின்றுவிட்டது. அவருக்கு முதுகு கொடுக்க அன்று யாருமில்லையே என்று நினைத்து அழுகிற நேரங்களில், ஒரு மூச்சு மெதுவாக வெளியே போகும். அவ்வளவு போதும். சிவனே, அவ்வளவுக்கு நன்றி.

பிள்ளைகளே, இழுப்பு வந்தால் முதலில் கதவைத் திறங்கள், பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மருந்தும் ஆண்டவன் தந்ததுதான். அதோடு இதையும் வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டு யாரும் வராத ஒரு நாள் உங்களுக்கும் வரும். அன்று கூப்பிட்டுக் களைத்துப் போனால், நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். பக்கத்தில் யாருக்காவது முட்டினால் முதுகைக் கொடுங்கள். குரு எங்கே என்று அன்று உங்களுக்கே தெரியும். நம்பி இருந்து பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை குளிருகிறது என்று நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். பின்னாலிருந்து ஒரு அக்கா எழுந்து வந்து, அதைத் திறந்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவள்தான் கௌரி.